மூன்றாவது குரல்

கொப்பள் அருகே,
18 ஆகஸ்ட் 2024

அண்ணி,

போனில் பேசினால் நீங்கள் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நான் வேறொன்று சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். போன வாரம் நைனா அலுத்துப்போய், "ரெண்டு பேரும் எழுதிக்கினாவது தொலைங்களேன். எழுதும்போது நடுவுல பூந்து கத்த முடியாதில்ல" என்றார். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இங்கே கர்நாடகத்தில் என்ன வேலை என்று நீங்கள் அவரிடம் கேட்டீர்களாம். ஓநாய்களைக் கணக்கெடுக்கும் குழுவில் இருக்கிறேன். ஓநாய் என்றதும் எல்லோரும் அடர்ந்த காட்டை நினைக்கிறார்கள். இங்கே காடே கிடையாது. புல்தரை, கருங்கல் மேடு, கடலை வயல், ஆட்டு மந்தை, கல் குவாரி. இதற்கு நடுவில்தான் அவை பிழைக்கின்றன. ஒல்லியான உடம்பு, நீளக் கால்கள், காய்ந்த புல்லின் நிறம். இருபது அடி தூரத்தில் படுத்திருந்தாலும் எழுந்து நடந்தால்தான் தெரியும்.

பொழுது சாயும் நேரத்தில் மேட்டில் நின்று ஓநாய் ஊளையை ஒலிபெருக்கியில் விடுவோம். சற்றுப் பொறுத்து இரண்டாவது, மறுபடி பொறுத்து மூன்றாவது. பதில் வந்தால் திசையைக் குறித்துக்கொள்வோம். வராவிட்டால் இல்லை என்று எழுதிவிட்டுக் கிளம்புவோம். ஆடி மழையில் ஒலிபெருக்கி கெட்டது. என்னோடு வேலை செய்யும் வின்சென்ட் வாயால் முயன்றான். கன்று ஈனும் மாடு மாதிரி இருந்தது. சிரித்துவிட்டு நான் கையைக் குவித்தேன். யோசிக்கவில்லை. வாயில் வந்தது நம் வீட்டுக் குரல். நீளமாக ஒரு இழுப்பு, ஒரு இறக்கம், கடைசியில் சின்னதாக ஒரு ஏற்றம். ஏரியிலிருந்து திரும்பும்போது அண்ணன் கொடுப்பானே, அது.

குவாரிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஓநாய் பதில் சொன்னது.

அது ஒரு பெண். குழுவில் அவளுக்கு வெறும் எண்தான். அவளுடைய இணையை ஆடிப் பிறப்பிலிருந்து யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அந்த மேட்டுக்குப் போய் அதே குரலைக் கொடுக்கிறேன். தினமும் பதில் வருகிறது.

ஊர்த் தலைவர் தருமன் மாமா முக்குரல் பற்றிக் கேட்டாராம். நான் வர மாட்டேன். வழக்கம் எனக்குத் தெரியும். உடம்பு கிடைக்காதவருக்கு உடன்பிறந்தவள் முழங்கால் தண்ணீரில் நின்று மூன்று முறை வீட்டுக் குரல் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் ஆள் போய்விட்டான் என்று ஊர் ஒப்புக்கொள்ளும். என் அண்ணனை என் வாயாலேயே முடித்துவைக்கச் சொல்கிறீர்கள். அவன் இரண்டு முறை கூப்பிட்டும் யாரும் வாய் திறக்காத கரை அது. அங்கே நின்று நான் மூன்று முறை கூப்பிட வேண்டுமா?

ஜமுனா


பழவேற்காடு,
2 செப்டம்பர் 2024

ஜமுனாவுக்கு,

கடிதம் வந்தது. கடைசி வரி வரைக்கும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். அந்த வரிக்காகத்தான் மீதியை எழுதினாய் என்று நினைக்கிறேன்.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். வீட்டு ஆண் தண்ணீரில் இருக்கும்வரை கதவுக்குத் தாழ்ப்பாள் போடக் கூடாது. இன்னொரு கூரையின் கீழ் படுக்கக் கூடாது. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்கு வைத்த வழக்கம். நான் எட்டாவது மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன். முக்குரல் கொடுக்காதவரை உன் அண்ணன் தண்ணீரில்தான் இருக்கிறார். அதுதான் ஊர்க் கணக்கு. சுண்ணாம்புக்குளத்தில் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. காலையில் போய்ப் பார்த்துவிட்டுப் பொழுது இறங்குவதற்குள் திரும்பிவிட்டேன். காற்றில் கதவு ஆடும்போதெல்லாம் விழிப்பு வருகிறது.

அந்தக் காலையைப் பற்றி நீ எழுதியதால் நானும் எழுதுகிறேன். போகிக்கு முதல் நாள். கை நீட்டினால் விரல் தெரியாத பனி. அன்றைக்கு ஏரியில் அவருடைய பாடு, அதாவது வலை போட அவருக்கு விழுந்த முறை. விட்டால் போய்விடும் என்று கிளம்பினார். நான் சோற்றுத் தூக்கோடு கரையில் நின்றேன். ஒரு குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே உன் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? "பனியில தண்ணிப் பக்கத்துலேர்ந்து கூப்ட்டா மொத ரெண்டுக்கும் வாயத் தொறக்காத. மனுசன்னா மூணாவதும் கூப்டுவான். மத்தது எதுவும் ரெண்டுக்கு மேல கூப்டாது." மூன்றாவதற்காக நின்றேன். இன்னும் அப்படியேதான் நிற்கிறேன்.

பனி விலகிய பிறகு முகத்துவாரத்துப் பக்கம் படகு கவிழ்ந்து கிடந்தது. அவர் இல்லை. ஊர் மொத்தமும் கூடியிருக்கும்போது நீ என்னைக் காட்டி, "ரெண்டு வாட்டி கூப்ட்டான், இவ மரம் மாதிரி நின்னா" என்றாய்.

நீ அப்போது எங்கே இருந்தாய்? குழாயடியில் குடத்தோடு நின்றாய். உனக்கும் கேட்டது. கேட்டதால்தான் இரண்டு வாட்டி என்று எண்ணிச் சொன்னாய். நானாவது வழக்கத்தை நம்புகிறவள். நீ படித்தவள், உனக்கு இதெல்லாம் கிடையாது. நீ ஏன் பதில் கொடுக்கவில்லை?

உன் ஓநாயும் நரிதானே? ஏரிக்கு அந்தப் பக்கத் தீவில் நரி கத்துவது இங்கே கேட்கும். அதைக் கேட்கவா அவ்வளவு தூரம் போனாய்?

மாமாவுக்கு, உன் நைனாவுக்குத்தான், இருமல் இருக்கிறது. கவலைப்படும்படி இல்லை.

கோமளா


கொப்பள் அருகே,
29 செப்டம்பர் 2024

அண்ணி,

உங்கள் கேள்விகளில் எளிதானதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

நரி வேறு, ஓநாய் வேறு. நரி தனியாக இழுத்து ஊளையிடாது. ஒன்று தொடங்கியதும் இன்னொன்று சேரும். அழுகையும் சிரிப்புமாக, உடைந்து உடைந்து, நான்கே நரிகள் நாற்பது போலக் கத்தும். ஓநாய் ஒரே மூச்சில் ஒரே குரலை நீட்டும். ஒருமுறை இரண்டையும் கேட்டவர் பிறகு மாற்றிச் சொல்லவே முடியாது.

ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். ஒரு ஆண், ஒரு பெண், அவற்றின் சென்ற வருடத்துப் பிள்ளைகள். குட்டி போடுவது அந்தத் தாய் மட்டும். மூத்த பிள்ளைகள் வேட்டைக்குப் போய் வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடிவரும். குட்டிகள் அவற்றின் வாயை நக்கி நக்கிக் கேட்கும். உடனே கக்கிக் கொடுக்கும். பார்க்க அருவருப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். முதல் தடவை பார்த்தபோது அண்ணன் எனக்குப் புளிப்பு மிட்டாயைக் கடித்துப் பாதி கொடுப்பது ஞாபகம் வந்தது.

வளர்ந்த பிள்ளைகள் ஒரு நாள் கிளம்பிவிடும். யாரும் துரத்துவதில்லை. மற்றவை படுத்திருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் படுக்கும். பிறகு இன்னும் தள்ளி. ஒரு காலையில் அங்கே இருக்காது. நூற்றுக்கணக்கான மைல் நடக்கும். அப்படித் தனியாக நடக்கிற ஓநாய் பெரும்பாலும் யார் குரலுக்கும் பதில் சொல்லாது. அடுத்தவர் எல்லையில் குரல் கொடுத்தால் கொன்றுவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போகும்.

அவளுடைய இரண்டு மகள்களும் இந்த மாதம் போய்விட்டார்கள். இப்போது அவள் தனி.

ஒரு செய்தி. அவளுடைய ஆண் கிடைத்துவிட்டது. நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழ், ஏதோ லாரியில் அடிபட்டு, பல வாரங்களுக்கு முன்பே. கிழிந்த காதை வைத்து வின்சென்ட்தான் அடையாளம் சொன்னான். ஆக எங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அன்று மாலையும் மேட்டுக்குப் போனேன். வின்சென்ட், "இனிமே எதுக்கு? கணக்குதான் முடிஞ்சுதே" என்றான். நான் போனேன். குரல் கொடுத்தேன். முன்பு குவாரிக்கு அப்பாலிருந்து பதில் சொன்னவள் இப்போது குவாரிக்கு இந்தப் பக்கம் வந்திருக்கிறாள். கல்மேல் ஏறி, காதுகளை முன்னால் நிமிர்த்தி, நான் இருக்கும் திசையையே பார்க்கிறாள்.

உங்கள் இன்னொரு கேள்விக்கு இந்தக் கடிதத்தில் இடம் இல்லை.

கதவு விஷயம் எனக்குத் தெரியாது. நைனா சொல்லவில்லை.

ஜமுனா


பழவேற்காடு,
20 அக்டோபர் 2024

ஜமுனாவுக்கு,

இரண்டு பக்கமும் எழுதிவிட்டு இடம் இல்லை என்கிறாய். சரி.

அவளுக்குத் தெரியாது என்று யார் சொன்னது? மூக்கு இருக்கிற ஜென்மம். எங்கே, எப்போது என்று தெரியாமல் இருக்கலாம். போய்விட்டது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது. தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அந்தச் சோற்றை நாய்க்குப் போட்டேன். அப்போது படகைக்கூட யாரும் பார்த்திருக்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உனக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

தெரிந்தவளாக இருந்தும் உன் குரலைக் கேட்டு வருகிறாளே, ஏன் வருகிறாள் என்று யோசித்தாயா?

போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரம். மாமா ஊர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எல்லாம் தெரிந்த நான், திரும்பாமலே, "வந்துட்டியா" என்றேன். வாய் தானாகச் சொன்னது. திரும்பினால் யாரோ வெளியூர்க்காரன். நல்ல போதை. "கதவு தொறந்துதானே கீது" என்றான். சிரித்தான். அரிவாள்மனையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழுந்தேன். போய்விட்டான். அவன் வந்தது பெரிதில்லை. நான் "வந்துட்டியா" என்று சொன்னதுதான் இன்னும் உடம்பில் இருக்கிறது.

தருமனிடம் போய் இனிமேல் தாழ்ப்பாள் போடுவேன் என்றேன். "போட்டா அவன் உள்ள வர முடியாதேம்மா" என்றார். சும்மா சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். ஊரே அப்படித்தான் இருக்கிறது. பனி இறங்கிய காலைகளில் நம் வீட்டுக் குரல் கேட்கிறது என்கிறார்கள். பக்கத்து வீட்டு இருசம்மாள் இரண்டு குரல் கேட்டாளாம். எனக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இப்போது மாமா வாசலில் குறுக்கே படுத்துக்கொள்கிறார். பனியில் இருமுகிறார். கவலைப்படும்படி இல்லை என்று போன தடவை எழுதினேன். இந்தத் தடவை அப்படி எழுத மாட்டேன்.

பொன்னேரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் நான் படித்த படிப்புக்கு உள்ள வேலை. தை முடிவதற்குள் வந்து சேரச் சொல்கிறார்கள். அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். இன்னொரு கூரை. புரிகிறதா?

உனக்கு இரண்டு வேண்டுகோள். வந்து குரல் கொடு. அதைச் செய்ய முடியாவிட்டால் அந்தப் பெண்ணைக் கூப்பிடுவதையாவது நிறுத்து. அவள் ஒவ்வொரு தடவையும் "வந்துட்டியா" என்றுதான் வருகிறாள்.

கோமளா


கொப்பள் அருகே,
24 நவம்பர் 2024

அண்ணி,

ஒரு மாதம் பதில் எழுதாமல் இருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த அன்றும் மேட்டுக்குப் போனேன் என்பதால்தான்.

கோபத்தில் போனேன். ஒரு விலங்குக்கு என்ன தோன்றும் என்பதை என்னிடமே சொல்கிறார்களே என்ற கோபம். நான் கூப்பிடுவதால் அவளுக்கு எந்தக் கெடுதலும் இல்லை என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ளத்தான் தினமும் போனேன். அவள் தினமும் கொஞ்சம் கிட்டே வந்தாள். நான் அதை நல்ல அறிகுறி என்று குறித்துக்கொண்டேன்.

இதற்கிடையில் தெற்கிலிருந்து ஒரு ஆண் வந்திருந்தது. இளசு, நீண்ட நடையில் இளைத்துப்போனது. குவாரிக்கு அந்தப் பக்கம் சில நாட்கள் படுத்திருந்தது. இது அவை ஜோடி சேரும் காலம். ஒரு மாலை அது ஊளையிட்டது. தனியாக வந்த ஓநாய் அப்படிக் குரல் கொடுப்பது எவ்வளவு துணிச்சல் என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன். அவள் தலையைத் திருப்பினாள். எழுந்து இரண்டு அடி வைத்தாள். சரியாக அப்போது நான் கூப்பிட்டேன்.

அந்த ஆணின் குரல் எனக்கும் கேட்டது. கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பி ஓடிவந்தாள். நேராக, மறைவு பார்க்காமல். மேட்டுக்குக் கீழே ஆடு மேய்க்கும் பீரப்பாவின் கிடை போட்டிருந்தது. அவருடைய நாய்கள் ஐந்தும் பாய்ந்தன. நான் கல்லெறிந்தேன், கத்தினேன். அவளுக்கு நாயை விட்டு ஓடத் தெரியும். ஆனால் ஓடாமல் ஒரு கணம் நின்று மேட்டைப் பார்த்தாள். அந்தக் கணத்தில்தான் தொடையில் கடி விழுந்தது. பிறகு மூன்று காலில் புல்லுக்குள் போய்விட்டாள்.

பீரப்பா என்னைக் கன்னடத்தில் திட்டியதில் பாதிதான் புரிந்தது. "தினம் தினம் நீ அதை என் ஆட்டுக்கிட்டக் கூப்பிடுற. நாளைக்கு ஒரு ஆடு போனா யாரைக் கேக்கறது, உன்னையா, அதையா?" வின்சென்ட் குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கி நடந்தான். அது இன்னும் மோசமாக இருந்தது.

அதோடு நிறுத்திவிட்டேன். மேட்டுக்குப் போகும் வேலையை வின்சென்ட் எடுத்துக்கொண்டான். அறையில் இருந்தாலும் பொழுது சாயும்போது கை தானாக வாயருகே குவிகிறது. முதல் சில நாள் அவள் மட்டும் மேட்டைப் பார்த்து ஊளையிட்டாள். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு மாலை அவளும் ஊளையிடவில்லை. செத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

நேற்று வின்சென்ட் வந்து வெளியே கூப்பிட்டான். வடக்கே, வெகு தூரத்தில், இரண்டு குரல்கள். ஒன்று முடிவதற்குள் இன்னொன்று தொடங்கி, மேலே ஏறி, ஒன்றின் மேல் ஒன்று படாமல் விலகிப் போய்க்கொண்டிருந்தன. அவளுடையது எனக்குத் தெரியும்.

வருகிறேன் அண்ணி. நாளைக் குறித்துச் சொல்லுங்கள். கூப்பிட்டுப் பழகிவிட்டேன், முதல் இரண்டும் வந்துவிடும். மூன்றாவதுதான் வருமா என்று தெரியவில்லை.

ஜமுனா


பழவேற்காடு,
15 டிசம்பர் 2024

ஜமுனாவுக்கு,

போகிக்கு முதல் நாள் காலையில் வைத்திருக்கிறார்கள். அதே நாள். நான் வேறு நாள் கேட்டேன், தருமன் ஒத்துக்கொள்ளவில்லை. சென்ட்ரலில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்துப் பொன்னேரியில் இறங்கு. மாமா பஸ் ஸ்டாண்டில் நிற்பார். வர வேண்டாம் என்றால் கேட்க மாட்டார், அதனால் நான் சொல்லவில்லை.

வழக்கம் உனக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். மூன்று குரலுக்கும் கரையில் நிற்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. தண்ணீர்ப் பக்கமிருந்து பதில் வந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். ஆள் இருக்கிறான் என்றாகிவிடும். அப்புறம் இன்னொரு வருடம் யாரும் குரல் கொடுக்கக் கூடாது. அப்படி ஒரு தடவையும் நடந்ததில்லை என்கிறார் மாமா.

முதல் நாள் சண்டை போட வேண்டாம். போடுவதானால் மறுநாள் போடலாம்.

அவள் தொடை ஆறிவிட்டதா?

கோமளா


கொப்பள் அருகே,
2 பிப்ரவரி 2025

அண்ணி,

வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. தொண்டை இன்னும் சரியாகவில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

கரையில் எல்லோர் முன்னாலும் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். அது நரி. எதிர்த் தீவிலிருந்து வந்தது நரியின் குரல். பனியில் தண்ணீரின் மேல் ஒலி அப்படித்தான் நீண்டு கேட்கும். தருமன் மாமாவோ வேறு யாராவதோ மறுபடி கிளப்பினால், இது பற்றியே வேலை பார்க்கிறவள் எழுத்தில் கொடுத்திருக்கிறாள் என்று இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். யார் எத்தனை முறை கேட்டாலும் நான் சொன்னதை மாற்ற மாட்டேன். நீங்கள் கேட்டாலும்.

அவள் தொடை ஆறிவிட்டது. ஓடும்போது மட்டும் கொஞ்சம் நொண்டுவது தெரியும். வடக்கே ஒரு பாறைச் சரிவில் பழைய முள்ளம்பன்றிப் பொந்தை அவளும் அந்த ஆணும் தோண்டிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். போன வாரத்திலிருந்து அவள் வெளியே வருவதில்லை. ஆண் தின்றுவிட்டு வந்து பொந்தின் வாயில் கக்கிவைத்துவிட்டுத் தள்ளிப் போய்ப் படுக்கிறது. உள்ளே குட்டிகள் இருக்கின்றன என்று அர்த்தம். நாங்கள் கிட்டே போவதில்லை. தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். கிட்டே போனால் இடம் மாற்றிவிடுவாள்.

பிறந்த குட்டிகளுக்குக் கண் தெரியாது. காதும் கேட்காது. அது திறக்க நாளாகும். இப்போதைக்கு வெளியிலிருந்து எந்தக் குரலும் அவற்றை எட்டாது. அதை நினைத்துக்கொண்டுதான் சில நாட்களாகத் தூங்குகிறேன்.

நீங்கள் செப்டம்பரில் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. நைனாவின் மார்பைப் படம் எடுத்துப் பார்த்தார்களா?

ஜமுனா


பொன்னேரி,
20 பிப்ரவரி 2025

ஜமுனாவுக்கு,

மார்பில் சளிதான், வேறொன்றும் இல்லை. இப்போது வீட்டுக்குள் படுக்கிறார். உன் பெரியப்பா மகன் துணைக்கு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். "உங்க ரெண்டு பேர் சண்டையில்லாம வீடு ஒரே அமைதியா கீது, பயமா கீது" என்கிறார்.

நீ சொன்னதை நீ மாற்ற வேண்டாம். நானும் கேட்க மாட்டேன். ஆனால் உன் முகத்தைத் தண்ணீர் மட்டும்தான் பார்த்தது. நான் உன் முதுகைப் பார்த்தேன். அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

முதல் குரல் நன்றாக வந்தது. இரண்டாவதும். அப்புறம் நீ நின்றுகொண்டே இருந்தாய். இருசம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ கொடுக்க மாட்டாய் என்றுதான் நினைத்தேன். திட்டக்கூடத் தோன்றவில்லை. அப்போது மூன்றாவது வந்தது. அது உன் குரலே இல்லை, அவருடையது. நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் பதில் கொடுத்திருப்பேன்.

பனிக்குள்ளிருந்து அது வந்தது. ஒரே ஒரு குரல். தருமன், "இன்னா அது? இன்னா அது ஜமுனா?" என்றார். ஊர் மொத்தமும் உன்னைப் பார்த்தது, போன வருடம் உன் பேச்சைக் கேட்டு என்னைப் பார்த்த அதே ஊர். உன்னைச் சுற்றித் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. நீ நடுங்கினாய், அதனால் தண்ணீர் நடுங்கியது. உன் அண்ணன் இருக்கிறார் என்று சொல்ல உனக்கு ஒரு வார்த்தை போதும். ஒரு வருடமாக அதைச் சொல்லத்தான் நீ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாய்.

"நரி மாமா. ஒத்த நரி" என்றாய். திரும்பிப் பார்க்காமல் சொன்னாய்.

உன் நைனாதான் முதலில் நடந்தார். அவர் பின்னால் எல்லோரும். நான் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். துருப்பிடித்துப் போயிருந்தது, கல்லால் தட்ட வேண்டியிருந்தது. நீ வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாய் என்று தெரியும்.

நரி எப்படிக் கத்தும், ஓநாய் எப்படிக் கத்தும் என்று நீ விவரமாக எழுதியிருந்தாயே, செப்டம்பர் கடிதம். அதை இங்கே கிளம்பும் முன் அடுப்பில் போட்டுவிட்டேன். மாமாவிடம் படிக்கக் கேட்டு யாராவது வருவார்கள். மற்ற கடிதங்கள் பெட்டியில் இருக்கின்றன.

குழாயடிக் கேள்விக்கு இனிமேல் பதில் எழுத வேண்டாம்.

என் அறை மாடியில். கீழே வீட்டுக்காரம்மா. காலையில் ஆறு மணிக்கே ரத்தம் கொடுக்க ஆட்கள் வந்து நிற்பார்கள், அதனால் ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறேன். நேற்று இங்கேயும் நல்ல பனி. தண்டவாளம், தெரு விளக்கு எதுவும் தெரியவில்லை. தாழ்ப்பாள் போட்டிருந்தது. தலை வாரிக்கொண்டிருந்தேன். வெளியே பனிக்குள்ளிருந்து யாரோ "கோமளா" என்று கூப்பிட்டார்கள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. வீட்டுக்காரம்மாவாகத்தான் இருக்கும். பால் வாங்கக் கூப்பிடுவார்கள். சீப்பு பிடித்த கை நின்றுவிட்டது.

ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள்.

"தோ வரேன்" என்றேன்.

கோமளா